வடகம் காயும் பத்து நாள்: கடலூரில் பிள்ளைகளோடு கோடை விடுமுறையைக் கழிக்க ஒரு வழிகாட்டி

சித்திரை பாதி கழிவதற்குள் என் அம்மா மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவிவிடுவார். எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் வடகம், அதாவது சின்ன வெங்காயத்தைத் தாளிப்புப் பொருள்களோடு உருட்டி வெயிலில் காயவைக்கும் தாளிப்பு வடகம், போடும் நாள் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அறிவிப்பு. பள்ளி ஆசிரியனான எனக்கும் அதே சமயத்தில் விடுமுறை என்பதால், பத்து வயது மகளையும் ஏழு வயது மகனையும் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு அது பிடிபடவில்லை. காலையில் கைப்பேசி, நண்பகலில் சண்டை, மாலையில் கடற்கரை என்றே விடுமுறை ஓடிப்போனது. மூன்றாம் ஆண்டில்தான் அம்மாவின் வடகத்தையே நாளின் அச்சாக வைத்து, அதைச் சுற்றிச் சந்தை, கைவேலை, ஊர்சுற்றல் எல்லாவற்றையும் அமைக்கலாம் என்று தோன்றியது. வடகம் காய ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளை எப்படி நடத்துவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாளும் பொழுதும்

மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்கினி நட்சத்திரம் அம்மாதம் 28 வரை நீடிக்கும். பெரியவர்கள் முணுமுணுக்கும் அந்த வெயில்தான் வடகத்துக்கு உகந்தது. பிள்ளைகளுக்கோ அது ஆகாது. ஆகவே காலை ஐந்தே முக்கால் முதல் எட்டு வரை வெளியே போகும் பொழுது, எட்டுக்கு வடகத்தை மாடியில் பரப்பும் பொழுது, பதினொன்று முதல் நான்கு வரை வீட்டுக்குள் கைவேலைப் பொழுது, ஐந்துக்கு வடகத்தை எடுக்கும் பொழுது, அதன் பிறகு மீண்டும் வெளியே போகும் பொழுது என்று நாளை ஐந்தாக வகுத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர் என்பதால் பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் வெக்கை சற்றுத் தணியும். காற்று திரும்பாமல் மேற்கிலிருந்தே அனல் வீசுகிற நாட்களில் மாலையிலும் ஐந்தரைக்கு முன் கிளம்ப வேண்டாம்.

தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற பேச்சு அடிபட்டால் ஒரு வாரம் தள்ளிப்போடுவதே நல்லது. முதல் மூன்று நாள் வெயில் இடைவிடாமல் கிடைத்தாக வேண்டும். அதன் பிறகு ஒரு நாள் மேகமூட்டம் வந்தாலும் கெடுதல் இல்லை.

சந்தைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல்

திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுவது வசதி. புறப்படுமுன் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பட்டியலை அவளையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு கிலோ வெங்காயத்துக்கு எங்கள் வீட்டு அளவு இது: உரித்த பூண்டு 250 கிராம், தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்து 200 கிராம், கடுகு 75 கிராம், சீரகம் 75 கிராம், வெந்தயம் 50 கிராம், மஞ்சள்தூள் ஒரு மேசைக்கரண்டி, கல் உப்பு 80 கிராம், கறிவேப்பிலை மூன்று கைப்பிடி, விளக்கெண்ணெய் 75 மில்லி. வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம்தான். பெரிய வெங்காயத்தில் நீர் அதிகம், மணம் குறைவு. அதைக் கொண்டு செய்தால் வடகம் காய்வதற்குள் புளித்துவிடும்.

வெங்காயத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது அரைமணி நேரப் பாடத்துக்குச் சமம். ஒரு பிடி அள்ளிக் கையில் உருட்டினால் சருகு சலசலவென்று சத்தம் போட வேண்டும். கழுத்து இறுகிக் காய்ந்திருக்க வேண்டும். முளை விட்டதும், அடியில் கறுப்புப் பொடி படிந்ததும், அழுத்தினால் அமுங்குவதும் வேண்டாம். என் மகன் முதல் நாள் அழுத்திப் பார்த்த வேகத்தில் கடைக்கார அம்மா, “தம்பி, வெங்காயத்தைப் பாரு, வடை தட்டாத” என்றார். பணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, விலையைக் கேட்டு, இரண்டு கிலோவுக்கு எவ்வளவு ஆகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, மீதியை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். தவறினால் திருத்தலாம், ஆனால் இடையில் புகுந்து நாமே பேசிவிடக் கூடாது. பேரம் பேசுவதைப் பழக்க வேண்டுமா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கூடையோடு தரையில் உட்கார்ந்து விற்பவரிடம் பேரம் வேண்டாம் என்பது என் கட்சி.

வடகம் போடுதல்

தாளிப்பு வடகம் தென்னார்க்காட்டு வீடுகளிலும் புதுச்சேரி வீடுகளிலும் புளிக்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் கீரை மசியலுக்கும் உயிர் கொடுக்கும் பொருள். பிரெஞ்சுக்காரர்களின் சமையலில் ‘வடுவான்’ என்ற பெயரில் வழங்கும் மசாலாவும் இந்த வடகத்திலிருந்து போனதுதான். புதுச்சேரி வழியாகக் கடல் கடந்த சொல் அது என்று சொன்னபோது, அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த என் மகள் வடகச் சட்டியை முதன்முறையாக மரியாதையுடன் பார்த்தாள்.

முதல் நாள் மாலையில் வேலையைத் தொடங்குங்கள். வெங்காயத்தின் மேல்சருகை மட்டும் நீக்கினால் போதும். உள்தோல் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் குற்றமில்லை. கண் எரிவதைக் குறைக்க, உரிக்குமுன் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு வைக்கலாம். ஆனால் அதன்பின் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தியே தீர வேண்டும். உளுந்தையும் வெந்தயத்தையும் கழுவி, அரைமணி நேரம் மட்டும் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். கடுகும் சீரகமும் ஊற வேண்டியதில்லை.

அடுத்தது இடித்தல். உரலில் கைப்பிடி கைப்பிடியாக வெங்காயத்தைப் போட்டு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்றாக உடையும் அளவுக்கு மட்டும் இடிக்க வேண்டும். உரல் இல்லாதவர்கள் கத்தியால் பொடியாக நறுக்கலாம். மிக்ஸி மட்டும் வேண்டாம். அம்மா ஊரில் இல்லாத ஓர் ஆண்டில், நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி நான் அதை மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். வெங்காயம் கூழாகி, நீர் பிரிந்து, உருண்டை பிடிக்க வராமல் தட்டில் அப்பளம்போல் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் புளித்த வாடை வந்து, அத்தனையையும் தென்னை மரத்தடியில் கொட்ட வேண்டியதாயிற்று. வெங்காயத்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை ஒரேயடியாக வெளியே விட்டுவிடாமல், துண்டுகளுக்குள்ளேயே வைத்து மெல்ல மெல்ல வெயிலுக்குக் கொடுப்பதில்தான் வடகத்தின் சூட்சுமம் இருக்கிறது.

பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, உளுந்து, வெந்தயம், கடுகு, சீரகம், மஞ்சள்தூள், கல் உப்பு, கிள்ளிய கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒரு மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சேர்த்துக் கையால் பிசைந்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டி இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. உப்பும் வெங்காயச் சாறும் சேர்ந்து அதை அரிக்கும். பிசையும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நகத்தோரம் காயம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள். இல்லையென்றால் உப்புப்பட்டு எரிந்து, பிறகு அந்தப் பிள்ளை அடுப்படிப் பக்கமே வராது.

இரண்டாம் நாள் காலையில் சட்டியில் சாறு கட்டியிருக்கும். அதை ஊற்றிவிடாதீர்கள். கலவையைக் கைகளுக்கிடையில் பிழிந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, வெயிலில் விரித்த சுத்தமான வேட்டியின் மீதோ ஓலைப்பாயின் மீதோ இடைவெளிவிட்டு வையுங்கள். சாற்றை அகலமான தட்டில் ஊற்றி அதையும் வெயிலிலேயே வைத்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு உருண்டைகளை எடுத்துச் சட்டியில் உதிர்த்து, வெயிலில் வற்றிய சாற்றைச் சேர்த்துப் பிசைந்து மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் மீண்டும் உருட்டிக் காயவைக்க வேண்டும். இப்படிக் காலையில் உருட்டுவதும் மாலையில் உதிர்ப்பதுமாக மூன்று அல்லது நான்கு நாள் போகும். சாறு முழுவதும் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்ட நாளில் விளக்கெண்ணெயைப் பாதியளவு ஊற்றிப் பிசைந்து, அன்று பிடிக்கும் உருண்டையை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். அதுதான் கடைசி உருண்டை. அதற்குப் பிறகு உதிர்க்கக் கூடாது. மீதி எண்ணெயை நாளுக்குக் கொஞ்சமாக உள்ளங்கையில் தடவி, ஒவ்வோர் உருண்டையையும் ஒரு முறை உருட்டிவிட்டுக் காயவையுங்கள். விளக்கெண்ணெய் பூச்சி அண்டாமல் காக்கும், உருண்டையும் வெடிக்காது.

எட்டாம் நாள் அளவில் எலுமிச்சை அளவாக இருந்தது பெரிய நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கி, மஞ்சள் நிறம் போய்க் கருஞ்சிவப்பாகியிருக்கும். ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினால் கூழாங்கல் சத்தம் வர வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யும் உரிமையை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். காக்கை விரட்டும் பொறுப்பும் அவனுடையதே, ஆனால் மாடியில் நின்றபடி அல்ல. வேட்டியின் மேல் மெல்லிய மல் துணியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டால், மாடிப்படி நிழலிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும்.

நண்பகல் கைவேலை

பதினொன்று மணிக்கு மேல் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்க விலைகொடுத்து வாங்கும் கைவினைப் பெட்டிகள் தேவையில்லை. காலையில் சாப்பிட்ட நுங்கின் காயே போதும். நுங்கு வண்டி செய்யும் முறை, பலருக்குப் பெயர் மட்டும் நினைவிருந்து செய்முறை மறந்துபோன ஒன்று என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே அளவான இரண்டு நுங்குக் காய்களை, சுளையைக் கட்டை விரலால் நோண்டித் தின்றபின் எடுத்துவையுங்கள். வெட்டிய பக்கம் சீராக இருப்பது முக்கியம். கோணலாக வெட்டியது ஒரு பக்கமாக ஓடும். ஒரு சாணுக்குச் சற்று அதிக நீளமுள்ள, சுண்டுவிரல் பருமனான மூங்கில் குச்சியை இரு முனையிலும் கூராக்கி, ஒவ்வொரு காயின் நடுவிலும், கண்கள் மூன்றும் கூடுகிற இடத்தில், குத்தி இறக்குங்கள். கூராக்குவதும் குத்துவதும் பெரியவர் வேலை. இது அச்சு. பிறகு கவையுள்ள நீண்ட குச்சி ஒன்று வேண்டும். வேம்பிலோ பூவரசிலோ எளிதாகக் கிடைக்கும், பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் தள்ள வாட்டமாக இருக்கும். கவையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். கவை அச்சை விட்டு நழுவினால் குச்சி இன்னும் சற்றுச் சாய்வாகப் பிடிக்கப்பட வேண்டும் என்று பொருள். இதை நாம் சொல்லக் கூடாது, அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். காய் காய்ந்து சுருங்கியதும் அச்சு ஆடத் தொடங்கும். இரண்டு மூன்று நாள்தான் அதன் ஆயுள்; அதற்குள் அடுத்த நுங்கு வாங்கிவிடலாம்.

களிமண் கிடைத்தால் மணி செய்யலாம். சுண்டைக்காய் அளவு உருட்டி, ஈரமாக இருக்கும்போதே தென்னங்குச்சியால் துளையிட்டு, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு வண்ணம் தீட்டிக் கோக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். வடகம் வெயிலிலும் மணி நிழலிலும் காய்வது ஏன் என்று மகள் கேட்டாள். மேற்புறம் முந்திக் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் மண் பிளக்கும் என்று விளக்கினேன். ‘அப்ப வடகத்தைத் தினம் உடைச்சு உருட்டறதும் அதுக்குத்தானா?’ என்று அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள்.

இந்த மணிவேலைக்குத் துணையாக ஒரு நாள் அரிக்கமேட்டுக்குப் போய்வரலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள இடம் அது. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தி ரோமானிய வணிகத் தொடர்புக்குச் சான்றான மட்பாண்டங்களை வெளிக்கொணர்ந்தார். கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் அங்கே செய்யப்பட்டுக் கப்பலேறின. இன்று அங்கே காண்பதற்குச் சிதைந்த சுவரும் மாமரங்களும்தான் மிச்சம் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணிகளைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். மண்பொம்மை வாங்க விரும்புவோர் வில்லியனூரை நினைவில் வைக்கலாம். அவ்வூரின் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு.

காலையும் மாலையும்

சில்வர் பீச் என்று அழைக்கப்படும் தேவனாம்பட்டினக் கடற்கரை எங்களுக்கு நடைதூரம். விடியலில் போனால் கூட்டமும் இல்லை, மணலும் சுடாது. அலையில் கணுக்கால் அளவுக்கு மேல் இறங்கவிடாதீர்கள். இந்தக் கடல் பார்வைக்குச் சாதுவாக இருந்து காலடி மணலை இழுக்கும். அங்கிருந்து திரும்பும் வழியில் செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்களைக் காட்டி, 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் தனக்கு என்று எல்லை வகுத்த கதையைச் சொல்லுங்கள். குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் ஏன் வந்தன என்று தெரிந்த நாளிலிருந்து என் மகன் தெருவில் கல்லெறிந்து தன் எல்லையை வகுத்துவருகிறான். 1758-இல் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தது. பார்ப்பதற்குக் குறைவாகவே இருப்பதன் காரணம் அது.

மாலையில் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலுக்குச் செல்வோர் தல மரமான பாதிரியைக் காட்டலாம். ஊர்ப்பெயரின் பாதி அந்த மரத்தினுடையது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்ட குப்பமும் பக்கத்தில்தான் இருக்கிறது. புதுச்சேரிக்கு ஒரு மாலை போதும். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமல் நடக்கவிடலாம். ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில் நோட்டு, பழைய புத்தகம், சட்டை எல்லாம் மலிவாகக் கிடைக்கும்; கூட்டத்தில் சிறுவனைத் தவறவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஓரிடத்தை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

பிச்சாவரத்துக்குப் போவதானால் அதிகாலையில் கிளம்பி வெயிலுக்குமுன் படகில் ஏறிவிட வேண்டும். அங்கே சுரபுன்னையோடு தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் அது. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். படகிலிருந்து கையை நீட்டி இலை பறிக்கும் பழக்கமுள்ள பிள்ளையை நடுவில் உட்காரவையுங்கள்.

வெளியே போகுமுன் வானத்தைப் பார்ப்பதை மறக்க வேண்டாம். ஒரு மே மாத மாலையில் வடகத்தை மாடியில் விட்டுவிட்டு நாங்கள் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது கோடைமழை அடித்தது. ஓடிவந்து பார்த்தால் வேட்டி மஞ்சளாய் நனைந்து கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உருண்டைகளை முறத்தில் அள்ளி மின்விசிறியின் கீழ் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் ஒரு பிடி உப்பைக் கூடுதலாகச் சேர்த்துப் பிசைந்து மீண்டும் உருட்டினார். ஐந்தாம் நாள் என்பதால் பிழைத்தது.

பண்ருட்டியும் பலாவும்

வடகம் ஏழு நாள் காய்ந்தபின், வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ள, பண்ருட்டிக்குப் போய்வரலாம். பணிக்கன்குப்பத்துச் சாலையோரத்தில் பலாப்பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். முள் அகன்று மழுங்கியிருக்க வேண்டும், தட்டினால் மந்தமாக ஒலிக்க வேண்டும், காம்புப் பக்கம் மணம் வர வேண்டும். வழியில் முந்திரித் தோப்புகள் வரும். பழத்தை உப்பிட்டுத் தின்னலாம். அதன் சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. பச்சைக் கொட்டையை மட்டும் பல்லால் கடிக்கவோ சுட்டுப் பார்க்கவோ பிள்ளைகளை விடவே கூடாது. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொத்தலாக்கிவிடும்.

தின்றது போக மிஞ்சிய சுளையைப் பாகாகக் கிளறி வைக்கலாம். கொட்டை நீக்கிய சுளை ஒரு கிலோவை ஆவியில் வேகவைத்து, ஆறியபின் அரைத்து, 600 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகில் சேர்த்து, அடிகனமான உருளியில் நிதானமான தீயில் கிளற வேண்டும். இரண்டு கரண்டி நெய் இடையிடையே ஊற்றுங்கள். கரண்டியால் கோடு கிழித்தால் உருளியின் அடி தெரிந்து, கோடு உடனே மூடாமல் நிற்பதுதான் பதம். கொதிக்கும் விழுது தெறித்துச் சுடும் என்பதால் பிள்ளைகள் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பலாக்கொட்டையை உரிக்கும் வேலையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மாதம் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

எடுத்து வைத்தல்

பத்தாம் நாள் மாலையில் வடகத்தை முறத்தில் கொட்டி, முற்றிலும் சூடு ஆறியபின் ஜாடியில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரமே பூஞ்சணத்துக்கு வழி செய்யும். ஜாடியை முதல் நாளே கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு முறை வைத்தோம். வடகம் தீர்ந்து இரண்டு ஆண்டாகியும் டப்பாவிலிருந்து வாடை போகவில்லை. மகள் தாளில் தேதியை எழுதி ஒட்டுவாள், மகன் உருண்டைகளை எண்ணிச் சொல்வான். சென்ற ஆண்டு அவன் கணக்கு 63. அத்தைக்கு இருபது, எதிர்வீட்டு ஆயாவுக்கு ஐந்து என்று அம்மா உடனே பங்கு பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

குழம்பு இறக்கும்போது ஒரு உருண்டையில் பாதியை உதிர்த்து, நல்லெண்ணெயில் சிவக்கப் பொரித்துக் கொட்டினால் நால்வருக்கு ஆகும். தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், கருகிய வடகம் கசக்கும். ஆடிக் காற்று முடிந்து மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை ஜாடியைத் திறந்து, இரண்டு உருண்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் எல்லாவற்றையும் அரைநாள் வெயிலில் வைத்து, ஆறவிட்டு, திரும்ப மூடிவிடலாம்.